கண்ணாடிக்கு எர்த் கொடுத்த மூவர்

காங்கேயம் சாலையில் கார் பட்டறை வைத்திருந்த அர்த்தநாரி, மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குக் கிளம்பும்போது தன் மூத்த வேலையாள் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா காருல பின்னால வர்ற வண்டியப் பாக்கற வலப்பக்கக் கண்ணாடி, சுவிட்சைத் தட்டுனா திரும்ப மாட்டேங்குது. அஞ்சு மணிக்கு வருவாங்க. நீ சரி பண்ணீட்டீன்னா தாராபுரத்துல தொறக்கற புதுப் பட்டறை உம் பொறுப்பு. இல்லாட்டிக் குப்புராசுக்கு."

குப்புராசு பக்கத்திலேயேதான் நின்றிருந்தான். எட்டாவது வரை இங்கிலீஷ் மீடியம். மூன்றாமவன் பொங்கியண்ணனுக்கு எந்தப் பொறுப்பும் வேண்டாம். சாப்பாட்டு நேரம் தவறாமல் வந்தால் போதும்.

ஒன்பது வருடம் சக்கரம் கழற்றி மாட்டியே முதுகு வளைந்த நாச்சிமுத்து, இந்த முறை எதையும் சொந்தப் புத்தியில் செய்வதில்லை என்று முடிவெடுத்து முதலாளிக்குப் போன் போட்டான்.

"மொதல்ல ஃபியூஸ் போயிருக்கான்னு பாரு" என்றார் அவர்.

மூவரும் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து குனிந்தார்கள்.

"ஒண்ணும் போகலீங்கண்ணா. எல்லாம் இங்கயேதான் இருக்குது."

"அப்ப எங்கயோ ஷார்ட் ஆயிருக்கும், பாரு." பின்னணியில் நாதஸ்வரம். போன் அறுந்தது.

"ஷார்ட்டுன்னா நீளம் கொறைஞ்சு போச்சுன்னு அர்த்தம்" என்றான் குப்புராசு.

கையேட்டில் காரின் நீளத்தைப் பார்த்துவிட்டு டேப் பிடித்தார்கள். நாலு விரற்கடை குறைந்தது. முழுக் காரை விட்டுப்போன அம்மாவிடம் குறைக் காரையா கொடுப்பது?

"வெயில்ல சுருங்கியிருக்கும்" என்றான் பொங்கியண்ணன்.

"வெயில்ல இரும்பு நீளும்டா மண்டு" என்றான் குப்புராசு.

"அப்ப நிழல்ல நிறுத்துனதால சுருங்கீருச்சு."

இதில் யாருக்கும் குற்றம் காண முடியவில்லை. காரை வெயிலுக்குத் தள்ளி, ஒரு மணி நேரம் காயவிட்டு மறுபடி அளந்தார்கள். முதல் முறை டேப் முனையை பம்பருக்கு உள்ளே தள்ளிப் பிடித்த பொங்கியண்ணன், இப்போது பம்பர் சுட்டதால் வெளியே நகர்த்திப் பிடித்தான். நீளம் சரியாக இருந்தது. ஷார்ட் தீர்ந்தது. கண்ணாடிதான் அசையவில்லை.

மணி நாலேகால். நாச்சிமுத்து மறுபடி போன் போட்டான்.

"அப்ப எர்த் இல்லடா. கதவுக்குக் கீழ ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழட்டி, நல்லா எர்த் குடுத்து முடுக்கு."

"எர்த்துன்னா மண்ணு" என்றான் குப்புராசு.

"அது எனக்கும் தெரியும். செம்மண்ணா, கரிசலா?" என்றான் நாச்சிமுத்து.

"டாக்டரம்மாவுக்குச் சொந்த ஊரு கோவில்பட்டிப் பக்கம். கரிசல்தான் ஒத்துக்கும்."

"கண்ணாடி அசையாதது அம்மாவுக்கா, காருக்கா? காரு ஓடறது இந்த மண்ணுல."

"எதுனாலும் சலிச்சுப் போடுங்க. கல்லு இருந்தாக் கண்ணாடி ஒடைஞ்சுரும்" என்றான் பொங்கியண்ணன். அன்றைக்கு அங்கே பேசப்பட்டதிலேயே அறிவுள்ள பேச்சு என்று அதை மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

சலித்த செம்மண்ணை நாச்சிமுத்து போல்ட்டிலும் வயர் முனையிலும் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தான். முதலாளி 'நல்லா' என்று சொல்லியிருந்ததால், மூவரும் ஸ்பானரில் தொங்கி இறுக்கினார்கள். மண் உரசியதில் பல வருடத் துரு உதிர்ந்தது. லொடலொடத்த போல்ட் இறுகியது. இயற்பியல் தன் வேலையை முடித்தது. யாரும் அதைக் கவனித்துச் சங்கடப்படுத்தவில்லை.

நாச்சிமுத்து சுவிட்சைத் தட்டினான். கூப்பிட்ட எருமையைப் போலக் கண்ணாடி மெல்லத் திரும்பியது.

டாக்டரம்மா ஐந்து மணிக்கு வந்து, தட்டிப் பார்த்து, திருப்தியாகப் போனார். அர்த்தநாரியும் வாக்குத் தவறவில்லை. மறுவாரம் தாராபுரத்துக்குப் போன் செய்து, புதுப் பட்டறைக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று கேட்டார்.

"செம்மண் ஒரு லோடு, கரிசல் ஒரு லோடு எறக்கியாச்சுங்கண்ணா" என்றான் நாச்சிமுத்து. "ஆனா நேத்து ஒரு ஜெர்மன் காரு வந்து நிக்குது. அவிய ஊரு மண்ணு கப்பல்ல வரோணும். அதுவரைக்கும் காரை நிழல்ல மட்டும் நிறுத்த வேண்டாம்னு சொல்லியிருக்கறன்."