வெள்ளிக்கிழமைக்காக வைத்திருந்த பிழை

டாக்டர் செண்பகவல்லியிடம் பாடம் கேட்டவர்கள் பலர். கேட்டு முடித்தும் விட்டுப் போகாதவர் ஒருவர்தான். பெயர் சுடலைமுத்து. அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே மருந்தாளுநர். ஆசிரியையைவிட மூன்று வயது மூத்தவர். ஆனாலும் ஆசிரியையின் அறைக்குள் நுழையும்போது செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைவார்.

ஒரே மருந்து ஒருவர் உடம்பில் வேலை செய்யும். இன்னொருவர் உடம்பில் சிதையாமல் தங்கி விஷமாகிவிடும். மரபணு செய்கிற வேலை அது. எந்த மரபணுவுக்கு எந்த மருந்தைக் குறைக்க வேண்டும் என்பது சுடலைமுத்துவுக்குப் பன்னிரண்டு வருடமாக மனப்பாடம். வார்டுகளிலிருந்து டாக்டர்கள் போன் போட்டுக் கேட்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வார். கண்ணை மூட வேண்டிய அவசியமே இல்லை. அதில் அவருக்கு ஒரு சுகம்.

பிறகு ஜெபசெல்வி என்ற இளம்பெண் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். வந்த வேகத்தில் கம்ப்யூட்டரில் ஒரு கருவி செய்தாள். மரபணு அறிக்கையை ஏற்றி, மருந்தின் பெயரைத் தட்டினால் போதும், அளவு வந்துவிடும்.

செண்பகவல்லி அதைப் பார்த்துவிட்டு, "அருமை" என்றார்.

பன்னிரண்டு வருடத்தில் சுடலைமுத்து அவரிடம் வாங்கிய அதிகபட்சப் பாராட்டு, "சரி".

போன் வருவது நின்றது. சுடலைமுத்துவுக்கு வயிறு எரிந்தது. ஜெபசெல்வி காலையில் வணக்கம் சொன்னால்கூட நக்கல் செய்கிற மாதிரி இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் அந்தக் கருவியில் குறை தேடினார். மூன்றாவது வாரம் ஒன்று சிக்கியது.

மறுநாள் மதியம் ஆசிரியையின் அறைக்கு வந்தார். முகத்தில் கல்யாணக் களை.

"மேடம், ஒரு கேள்வி. கருவி பெரிசா, படிச்சவன் பெரிசா?"

"என்ன கண்டுபிடிச்சீங்க?"

"நாலாம் வார்டுல ஒரு அம்மா. குடல்ல கேன்சர். மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி மரபணு சோதனை செஞ்சிருக்காங்க. அந்த மரபணுவுல லேப்ல பார்த்தது நாலே நாலு இடம். நாலுலயும் குறை இல்லை. உடனே இந்தக் கருவி 'மரபணு சரி, முழு அளவு கொடுக்கலாம்'னு சொல்லுது. பார்க்காத இடத்தையும் சேர்த்துச் சரின்னு சொல்லுது மேடம்!"

"பார்க்காத இடத்துல குறை இருக்கும்னு எதை வச்சுச் சொல்லுதீங்க?"

"கேஸ் ஷீட்டைப் படிச்சேன். அந்த அம்மாவோட அண்ணனுக்கும் இதே மருந்துதான் ஏத்தியிருக்காங்க. வாயெல்லாம் புண்ணாகி, பத்தே நாள்ல போயிட்டாரு. கருவிக்கு அண்ணன் ஏது, தம்பி ஏது?"

செண்பகவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்லாப் பார்த்திருக்கீங்க. ரொம்ப நல்லாப் பார்த்திருக்கீங்க."

சுடலைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஜெபசெல்விகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லுவேனா மேடம்? வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்குல்லா. எல்லா டாக்டரும் வருவாங்க. திரையில போட்டுக் காட்டப் போறேன். அதுக்கு எல்லாம் தயார் பண்ணிட்டேன்."

"அந்த அம்மாவுக்கு மருந்து என்னிக்கு?"

அது கேஸ் ஷீட்டின் மேலேயே எழுதியிருந்தது. சுடலைமுத்து படித்துமிருந்தார். மனசுதான் வெள்ளிக்கிழமையிலேயே குடியிருந்தது.

"இன்னிக்கு," என்றார். "மூணு மணிக்கு."

மணி இரண்டே முக்கால்.

செண்பகவல்லி திட்டவில்லை. தன் போனில் ஜெபசெல்வியின் எண்ணை அழுத்தி, அதைச் சுடலைமுத்துவின் முன்னால் வைத்தார்.

"நீங்களே சொல்லுங்க."

சொன்னார். நாலு இடம், அண்ணன், வாய்ப்புண் என்று முன்னும் பின்னுமாக வந்தது.

"ஐயோ அண்ணே!" என்றாள் ஜெபசெல்வி. "இருங்க, ஓடுதேன்."

போனை அணைக்காமலே ஓடினாள். படி ஏறுகிற சத்தம் கேட்டது. மூச்சு வாங்குவது கேட்டது. கதவு இடித்தது. "சிஸ்டர், மாட்டாதீங்க, மாட்டாதீங்க!" என்று கத்தினாள். அதன் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. சுடலைமுத்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நிறுத்தியாச்சு அண்ணே. ஊசியைக் குத்தி வச்சிருந்தாங்க, மருந்து இன்னும் ஏறலை." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க மட்டும் பார்க்கலைன்னா நான் ஒரு உயிரை எடுத்திருப்பேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

அவள் வைதிருந்தால் தேவலாம் போலிருந்தது சுடலைமுத்துவுக்கு.

போன் அணைந்தது. சுடலைமுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் பாழாய்ப்போன மனசு அடங்கவில்லை.

"என்ன இருந்தாலும் அந்தக் கருவி தப்புதானே மேடம்?"

"தப்புதான்," என்றார் செண்பகவல்லி. "ஆபத்து இருக்குன்னு அதுக்குத் தெரியலை, அதனால சொல்லலை. கருவியைச் சாயங்காலத்துக்குள்ள திருத்திடலாம்."