தேன்பாறைக்கு வாங்கிய மந்தி

மேலைக்காட்டில் தவ்வி என்றொரு இளம் மந்தி இருந்தாள். விளாம்பழ ஆட்டத்தில் பழம் எறிகிறவள் அவள்தான். எதிரிகள் பாய்ந்து வருவதற்குள், தூரத்தில் ஓடும் கூட்டாளிக் குரங்கின் கைக்குப் பழத்தை வீசவேண்டும். பாய்கிறவர்களைத் தடுக்க அவளுக்கு முன்னால் காட்டுப்பன்றிகள் காவல் நிற்கும்.

போன மழைக்காலத்தில் கரடித் தலைவர் ஒரு தேன்பாறையையே கொடுத்து அவளை வாங்கிவந்தார். "நம் காட்டின் எதிர்காலமே இவள்தான்!" என்று தோளில் தூக்கிவைத்து ஆடினார்.

இந்தக் கோடையிலோ அவள் எறிந்த பழமெல்லாம் முள்புதரில் விழுந்தது. பழம் கையைவிட்டுப் போகுமுன்பே எதிரிகள் அவள்மேல் விழுந்தார்கள்.

"இன்று பொழுது சாய்வதற்குள் இவளை யாராவது வாங்கினால் சரி. இல்லையென்றால் மொட்டைப்பாறைக்குத் துரத்திவிடுவேன்!" என்றார் கரடி.

மொட்டைப்பாறையில் ஒரு மரம்கூடக் கிடையாது. அங்கே குரங்கு எப்படிப் பிழைக்கும்?

தரகன் கீரி வந்தான். தவ்வி கிளையில் ஒளிந்து கேட்டாள்.

"இவளுக்கு ஒரு பலாப்பழம் கிடைத்தாலே அதிர்ஷ்டம், தலைவரே!"

"தேன்பாறை கொடுத்தேனய்யா!"

"அது போன வருஷத்துத் தேன்!"

கீரி ஓடையைத் தாண்டிக் கீழைக்காட்டுக்குப் போனான். தவ்வியும் கிளைவழியே பின்தொடர்ந்தாள். அங்கே தலைவி கடமானிடம் அதே கீரி, "அது கையா, அம்மா? கவண்! பலாமரத்தையே கேட்கிறார்கள்!" என்றான்.

தவ்விக்குத் தலை சுற்றியது. தொப்பென்று இருவருக்கும் நடுவில் குதித்தாள்.

"ஏய் கீரி! போன மழைக்கு நான் பாறை. காலையில் பழம். ஓடை தாண்டினால் மரமா? கை அதே கைதானே! நான் எதுதான், சொல்லித் தொலை!"

"எனக்கென்ன தெரியும்? வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து விலை சொல்கிறேன். உன் கையை நான் பார்த்ததே இல்லையே!"

கடமானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெண்ணே, எறியும்போது உன் கண்ணுக்கு என்ன தெரியும்?"

"பன்றிகளின் முகம் தெரியும். எச்சில் ஒழுகும்."

"காவல் நிற்பவர்களின் முதுகல்லவா தெரியவேண்டும்?"

"முதுகா? அதை நான் பார்த்ததே இல்லையே!" தவ்வி இன்னும் குழம்பினாள்.

கடமான் ஒரு பலாப்பழத்தைக் கீரியின் முன் உருட்டிவிட்டார். "பெண் இங்கேயே இருக்கட்டும்."

அடுத்த ஆட்டம் கரடியின் அணியோடுதான். தவ்விக்கு முன்னால் எருமைகள் நின்றன. பழுத்த விளாம்பழம் கமகமத்தது. எருமைகளுக்கு அது ஒரு பொருட்டா? முதுகைக் காட்டிக்கொண்டு மலைபோல் நின்று அசைபோட்டன. தவ்வி ஆற அமர எறிந்தாள். பழம் கூட்டாளியின் கையில் போய் உட்கார்ந்தது!

எதிர்ப்புறம், கரடி நாவல்தோப்பையே கொடுத்து வாங்கிய புதுக் குரங்கு கையில் பழத்தோடு நின்றது. பன்றிகள் எதிரிகளை மறந்து, அதன் பக்கம் திரும்பிப் பழத்தை மோப்பம் பிடித்தன. மறுகணம் புதுக் குரங்கு மண்ணில் கிடந்தது.

"இவனும் சொத்தை! கீரி, வேறொருவனைப் பார்!" என்று கரடி உறுமினார்.

தவ்விக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. "தலைவரே, குரங்கை விடுங்கள்! பன்றிகளைத் திருப்பி நிறுத்துங்கள்!"

"ஒரு பலாப்பழத்துக்குப் போனவள் எனக்குப் புத்தி சொல்வதா!" என்றார் கரடி. கீரி அடுத்த குரங்கைத் தேடி ஓடினான்.

காவலைச் சரிபார்க்காமல் கையைப் பழிக்கிறவன், எத்தனை கையை மாற்றினாலும் தோற்கத்தான் செய்வான்.