நீர்த்தெள்ளுக்குக் கண்ணாடி உடம்பு வந்த கதை

அந்தக் காலத்தில், பூச்சிபொட்டுக்கெல்லாம் வாய் இருந்தபோது, ஊருணியில் வாழ்ந்த நீர்த்தெள்ளு கன்னங்கரேலென்று இருந்தது. எள்ளு முனை அளவுதான் ஆள். துள்ளித் துள்ளி நீந்தும். பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிவாக வைக்கும்.

அங்கே தண்ணீர் எடுக்க வரும் ராக்காயிக்கு அதெல்லாம் தெரியாது. குடத்து வாயில் துணி கட்டி வடிப்பாள். துணியில் தங்கிய கறுப்பை அழுக்கென்று கரையில் உதறுவாள். இடுப்பில் பத்து மாதப் பிள்ளை செல்லி. அவள் குடிக்கிற தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டாமா?

செல்லிக்குத் தூளி கட்டச் சணல் கயிறு வேண்டியிருந்தது. நார் உரிக்கச் சணல் தட்டையை ஊறப்போடும் குட்டை ஓடைக்கு அந்தப் பக்கம். பிள்ளையையும் தட்டைக் கட்டையும் சுமந்துகொண்டு யார் நடப்பது? கால் நனைக்கக்கூட ஊர் தயங்கும் குடிதண்ணீர் ஊருணியில், "ஒரு மூலையிலதானே, நாலு நாளைக்குத்தானே" என்று கோரைக்கு அடியில் தட்டையை அமுக்கி, மேலே கல்லும் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் துணியை உதறப் போனவளுக்கு, அதில் ஒட்டியிருந்த தெள்ளின் குரல் கேட்டது.

"தாயி, இந்தத் தண்ணியைப் பிள்ளைக்குக் குடுத்துடாதே! கெட்டுப்போச்சு. எங்களுக்கே மூச்சு முட்டுது."

ராக்காயி சிரித்தாள். "ஏன்டி சொல்லமாட்டே? தினமும் உன்னை வெயில்ல வீசுறேன்ல, அந்தக் கோபம்!"

"கோபம் இருக்குதான். ஆனா நானும் பிள்ளைக்காரி, தாயி. ரெண்டு நாளா மூச்சில்லாம உள்ளே சிவந்து கிடக்கேன்."

"எனக்குக் கறுப்பாத்தான் தெரியுது!"

செல்லி குடத்தைப் பார்த்துச் சிணுங்கினாள். ராக்காயி ஒரு கை அள்ளிப் பிள்ளையின் வாயருகே கொண்டுபோனாள்.

இனி பேசிப் பயனில்லை என்று தெள்ளுக்குத் தெரிந்துபோயிற்று. துணியிலிருந்து அந்த உள்ளங்கைக்குள் குதித்தது. வெயிலுக்குக் குடையாக இருந்த கறுப்புத் தோலை உரித்துப் போட்டது.

கண்ணாடி மாதிரி உடம்பு. உள்ளே எல்லாம் செக்கச்செவேல். முதுகுக்குள் நான்கு குஞ்சுகள். மூன்று துடித்தன, ஒன்று அசையவில்லை.

ராக்காயியின் கை அப்படியே நின்றது. "ஐயோ, நான் செஞ்ச வேலை!" என்றாள். தெள்ளை அலுங்காமல் குடத்தில் விட்டுவிட்டு, முதலில் செல்லிக்குத் தாய்ப்பால் கொடுத்துப் பசியாற்றினாள். பிறகு பிள்ளையைக் கரையில் உட்காரவைத்துவிட்டு, தண்ணீருக்கு வந்த பெண்கள் எல்லோரும் பார்க்க இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, நாறிப்போன தட்டையை இழுத்துக் கரையில் போட்டாள்.

"குடிக்கிற தண்ணியிலயா போட்டே, பாவி மகளே!"

"நான்தான்க்கா. எவ்வளவு வேணாலும் திட்டுங்க. ஆனா யாரும் மொள்ளாதீங்க."

ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, அந்தத் தெளிந்த தண்ணீரில் குடத்திலிருந்த தெள்ளைப் பூப்போல இறக்கிவிட்டாள்.

அன்று முதல்தான் நீர்த்தெள்ளுக்குக் குடலும் குஞ்சும் வெளியே தெரியும் உடம்பு. தண்ணீரில் மூச்சுக் குறைந்தால் முதலில் சிவப்பதும், முதலில் காணாமல் போவதும் அதுதான். அன்று முதல்தான் ஊருணிக்குப் போகும் பெண்கள் குடத்தை முக்குமுன் ஒரு கை அள்ளி, உள்ளே யாராவது துள்ளுகிறார்களா என்று பார்த்துக்கொள்கிறார்கள்.