சிலுப்பாத கெடா

இந்தப் பக்கமா வந்து படு. மூஞ்சி ஏன் உம்முனு இருக்குனு எனக்குத் தெரியும். சாயங்காலம் வந்தவங்க முன்னாடி உன்னை நிறுத்தி, "அன்னைக்கு என்னமோ சொன்னியே, அதைச் சொல்லு, அதைச் சொல்லு"னு உங்கப்பன் உசுரை வாங்குனான்ல. எனக்கு அண்ணன்தான், ஆனா கூறு பத்தாது. போர்வையை இழுத்துக்க. அத்தை ஒரு கதை சொல்றேன். ம் கொட்டணும், சரியா.

ஒரு ஊர்ல ஒரு கெடா இருந்துச்சு. கன்னங்கரேல்னு இருக்கும், ஒத்தைக் காது மட்டும் வெள்ளை. அதுக்குப் பேரு துரை. பேரு வச்சவ ராக்கு. ராக்குக்கு அஞ்சு வயசு, உன்னைவிட ஒரு விரக்கடை குட்டை. அவளும் துரையும் ஒண்ணாத்தான் திரிவாங்க, ஒண்ணாத்தான் படுப்பாங்க.

ம். அப்புறம் என்னன்னா, அந்த ஊர்ப் பெரியவங்களுக்கு ஒரு சீக்கு. ராக்கு வாயைத் திறந்தா போதும், கொல்லுனு சிரிப்பாங்க. "ஆத்தா, வயிறு வலிக்குது"னு சொன்னாக்கூட, "பாரு, எப்படி ராகம் போடுறா"னு சிரிப்பாங்க. சிரிச்சுட்டு, வாறவன் போறவன் எல்லார்கிட்டயும் அவளைத் திரும்பச் சொல்லச் சொல்லுவாங்க. வேற வேலவெட்டி இல்லாததுக.

ராக்குக்குக் காது குத்தணும்னு நாள் வச்சாங்க. குலசாமி கோயில்ல, தாய்மாமன் மடியில வச்சு. அன்னைக்குச் சாமிக்குக் கெடா வெட்டுறதா நேந்திருந்தாங்க. எந்தக் கெடா? துரைதான்.

ம்னு சொல்லு. தூங்கிட்டியா? சரி.

ராக்கு நேரா அப்பன்கிட்டப் போனா. அப்பன் பேரு சடையாண்டி. மீசை மட்டும் முழ நீளம், மண்டைக்குள்ள வெறும் காத்து. "அப்பா, துரையை வெட்டுனா ராத்திரிக்கு அது எங்க படுக்கும்?"னு கேட்டா. சடையாண்டி கெக்கேபிக்கேனு சிரிச்சான். சிரிச்சுட்டு டீக்கடைக்குப் போய் எல்லார்கிட்டயும் சொன்னான்.

அப்புறம் ஆத்தாகிட்டப் போனா. "ஆத்தா, சாமிக்குப் பசிச்சா நம்ம வீட்டுக்கு வந்து கூழு குடிக்கச் சொல்லு. துரையை விட்டுரு." ஆத்தாக்காரி சிரிச்ச சிரிப்புல கையில இருந்த முறத்து அரிசி சரசரனு கொட்டிப்போச்சு. அதையும் தெருவெல்லாம் சொன்னா.

அப்புறம் தாய்மாமன்கிட்டப் போனா. மாமன் பேரு மொக்கச்சாமி. "மாமா, என் காதை ரெண்டு தரம்கூடக் குத்திக்கங்க. துரை கழுத்தை மட்டும் விட்டுருங்க." மாமன் விழுந்து விழுந்து சிரிச்சான். "என் மருமவ வாயைப் பாரு"னு தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு ஊரைச் சுத்தி வந்தான். தோள்ல உக்காந்து அவ அழுதுக்கிட்டு இருந்தா. எவனாவது ஏறெடுத்துப் பாத்தானா? பாக்கல.

எனக்குக் கோவம் வருது. உனக்கு வரலையா? ம்.

அப்போ ராக்கு யோசிச்சா. அந்தக் கோயில்ல ஒரு வழக்கம் உண்டு. கெடாவைச் சாமி முன்னால நிறுத்தி, மஞ்சத் தண்ணியை அது மேல ஊத்துவாங்க. அது சடசடனு உடம்பைச் சிலுப்பணும். சிலுப்புனா, சாமி சரினு சொல்லிருச்சுனு அர்த்தம். சிலுப்பலைனா கத்தியை எடுக்கவே கூடாது. தண்ணி ஊத்துனா ஆடு சிலுப்பத்தான் செய்யும், அதுல சாமி எங்க வந்துச்சுனு கேக்காத. ராக்குகூட அதைத்தான் கேட்டா. அதுக்கும் சிரிச்சாங்க.

அப்புறம் ராக்கு தினம் காலையில ஒரு செம்புத் தண்ணி எடுப்பா. சளக்குனு துரை மேல ஊத்துவா. துரை சிலுப்புச்சுனா ஒண்ணும் கிடையாது. சிலுப்பாம நின்னா ஒரு கை கருவேலங்காய். மொத நாள் சிலுப்புச்சு. ரெண்டாம் நாளும் சிலுப்புச்சு. அப்புறம் கழுத்தை மட்டும் ஆட்டுச்சு. அப்புறம் காதை மட்டும். ஒரு மாசத்துல, குடத்தோட ஊத்துனாலும் கல்லு மாதிரி நின்னுக்கிட்டு, "எங்கடி என் காய்?"னு பாக்கும்.

இதை அவ ஒளிச்சு மறைச்சா செஞ்சா? இல்லை. "துரைக்குச் சிலுப்பாம நிக்கச் சொல்லிக் குடுக்கறேன். அப்பத்தான் வெட்ட மாட்டாங்க"னு கேட்டவன்கிட்டயெல்லாம் சொன்னா. சிரிச்சாங்க. "ராக்கு, ஆட்டுக்கு என்ன பாடம் நடத்துற, மாமாட்டச் சொல்லு." சொன்னா. "பூசாரி தாத்தாட்டச் சொல்லு." சொன்னா. பூசாரிக்குச் சிரிச்சுச் சிரிச்சு வெத்தலை புரை ஏறிப்போச்சு. ஒரே நாள்ல பத்து தடவை சொல்ல வச்சாங்க. ஊர்ல ஒருத்தருக்காவது தெரியாம இருந்துச்சா? இல்லவே இல்ல.

ம். காது குத்துற நாளும் வந்துருச்சு. டமடமனு கொட்டு, பீப்பீனு நாயனம். ராக்குக்குப் பட்டுப் பாவாடை, துரைக்கு மாலை. மாலையைப் பாதி தின்னுருச்சு துரை. ராக்கு மாமன் மடியில உக்காந்திருக்கா. துரை மறந்துருமோ, கொட்டுச் சத்தத்துல மிரண்டுருமோனு அவளுக்குப் பயம்.

பூசாரி ஒரு செம்பு மஞ்சத் தண்ணியைச் சளக்குனு ஊத்துனாரு. துரை நின்னுச்சு.

"ஈரம் பத்தலை"னு சடையாண்டி ஒரு வாளியைத் தூக்கி மளார்னு ஊத்துனான். துரை நின்னுச்சு.

மாமன்காரன் மச்சான் சடையாண்டிக்குச் சைகை காட்ட, ஒரு குடம் குளுகுளுனு வந்துச்சு. தலையில இருந்து வாலு வரைக்கும் கடகடனு ஊத்துனாங்க. துரை மூக்கு நுனியில சொட்டுச் சொட்டா தண்ணி வடியுது. ஒரு மசிரு அசையணுமே. திரும்பி ராக்குவைப் பாத்துச்சு, எங்க காய்னு.

கொட்டு நின்னுபோச்சு. அப்போ பாக்கணுமே அந்தப் பெரிய மனுசங்களை. சடையாண்டிக்கு மீசை தொங்கிருச்சு. "சாமி, உன் மரத்துக் கிளையை வெட்டிக் கட்டில் செஞ்சவன் நான்தான்"னு கன்னத்துல போட்டுக்கிட்டான். மாமன், "போன திருவிழாவுக்கு நான் குடிச்சுட்டு வந்தேன்"னான். ஆத்தாக்காரி, "எல்லாம் என் நாத்தனா கண்ணு பட்டதுதான்"னா. நாத்தனா சும்மா இருப்பாளா? இவ கொண்டையை அவ பிடிக்க, அவ கொண்டையை இவ பிடிக்க, ஒரே ரகளை. ஆட்டுக்குப் பாடம் நடத்துன கதையைப் பத்து தடவை கேட்டுச் சிரிச்ச வாயி அத்தனையும் அங்கதான் இருக்கு. ஒண்ணுக்காவது அது ஞாபகம் வரணுமே.

அப்போ ராக்கு சொன்னா, "நான்தான் நிக்கச் சொன்னேன். துரையை விட்டுருங்க."

பூசாரிக்கு மயிர்க்கூச்செடுத்துருச்சு. "கேட்டியளா, சாமி புள்ள வாயில வந்து பேசுது"னு தரையில விழுந்தாரு. அவரு விழவும் ஊரே தடதடனு விழுந்துச்சு. அப்பனும் விழுந்தான், மாமன் அவளை மடியில இருந்து எறக்கி வச்சுட்டு விழுந்தான்.

ராக்கு முழிச்சா. "சாமி இல்லப்பா. நான் ராக்கு."

"சாமி தன்னை மறைச்சுப் பேசுது"னாரு பூசாரி.

அம்புட்டுத்தான் அதுகளுக்கு அறிவு. அதே புள்ள, அதே வாயி, அதே பேச்சு. அவ பேச்சுனா சிரிப்பாங்களாம், சாமி பேச்சுனா விழுவாங்களாம். த்தூ.

மாலையைக் கழட்டித் துரையை அவுத்து விட்டாங்க. கறிச்சோறு திங்க வந்த சனமெல்லாம் மொச்சைக் கொழம்பை ஊத்திக்கிட்டு மூஞ்சியைத் தூக்கிவச்சுட்டுத் தின்னுச்சு. அவங்க தின்ன எலையையெல்லாம் துரை வரிசையா நின்னு தின்னுச்சு. ராக்குக்குக் காது குத்துனாங்க. அழுதா. அப்புறம் பாவாடையில முடிஞ்சு வச்சிருந்த கருவேலங்காய் மொத்தத்தையும் துரைக்குக் குடுத்தா. ராத்திரி ரெண்டும் பழைய எடத்துலயே படுத்துக்கிச்சு.

மறுநாளே சடையாண்டி, "ராக்கு, நேத்து சாமி மாதிரி சொன்னியே, மாமாட்டச் சொல்லு"னு ஆரம்பிச்சுட்டான். அதுக திருந்தாதுக.

என்னடி எந்திரிச்சு உக்காந்துட்ட? எங்கிட்ட ஒண்ணு சொல்லணுமா? சிரிக்க மாட்டேன், சொல்லு.

...எருமை வருதுனு பயமா இருக்கா? நான் தூங்குனதும் உர்ர்ருனு சத்தம் போட்டுக்கிட்டு வருதா? எருமை எங்கடி வருது, அது என் கொறட்...

இல்ல. சிரிக்கல. உன் மேல சத்தியமா சிரிக்கல, இருமல் வந்துச்சு. இந்தா பாரு, ஒருக்களிச்சுப் படுத்துட்டேன். எருமை வராது. நாளைக்கு எவன்கிட்டயும் இதைச் சொல்லவும் மாட்டேன்.

துரை படுத்துருச்சு, ராக்கு படுத்துட்டா, கதையும் படுத்துருச்சு. நீயும் கண்ணை மூடு.