காலண்டரில் இல்லாத விரதம்

ஈரோட்டில் ஒரு வீட்டுச் சமையலறையில் ஒரு தினசரி காலண்டர் இருந்தது. பெயின்ட் கடையில் இனாமாகக் கொடுத்தது. இனாமாக வந்ததை அது சீக்கிரமே மறந்துவிட்டது. தன்னைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒரு துரும்பும் அசையாது என்ற நினைப்பு அதற்கு.

அதற்கு நேர் கீழே, பாத்திர ஸ்டாண்டில், ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது. அதன் விளிம்பில் ‘நிரஞ்சனா’ என்று பேர் வெட்டியிருந்தது. நிரஞ்சனா அந்த வீட்டுக்கு ஒரே பெண். பதினோராம் வகுப்பு படிக்கிறாள். நடைக் கதவுக்குப் பின்னால் எடை பார்க்கிற மெஷின் ஒன்றும் கிடந்தது. அவளுடைய அப்பா முருகேசன் தன் தொப்பையைக் குறைக்கப்போவதாகச் சொல்லி வாங்கி, இரண்டே நாளில் மறந்துபோனது.

தை மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்காரப்போன நிரஞ்சனாவை அவளுடைய அத்தை கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“என்ன அம்மிணி, இப்படி ஊதிட்டே? உங்கம்மாளுக்கு அக்காளாட்ட இருக்கறே.”

பந்தியே சிரித்தது. நிரஞ்சனாவும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் திமிர் பிடித்தவள் என்பார்கள். நம் ஊரில் இதற்கு நலம் விசாரிப்பது என்று பேர். வயசுப் பெண் எதிரில் வந்தால் என்ன படிக்கிறாய் என்று கேட்பதற்குள் அவள் இடுப்பை வாயாலேயே அளந்து, கூட்டத்துக்கு நடுவில் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். சொன்னவர்கள் பாயசம் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அடுத்த வாரம் நிரஞ்சனா காலண்டர் முன்னால் வந்து நின்றாள்.

“அம்மா, நாளைக்கு சஷ்டின்னு போட்டிருக்குது. நான் விரதம் இருக்கட்டுமா?”

அவளுடைய அம்மா கோமதிக்கு வாயெல்லாம் பல். “தாராளமா இரு கண்ணு. இந்த வயசுல யாருக்கு இந்தப் புத்தி வரும்.”

சஷ்டிக்குப் பிறகு கிருத்திகை வந்தது. பிறகு பிரதோஷம், ஏகாதசி. பிறகு செவ்வாய்க்கிழமை எல்லாம், வெள்ளிக்கிழமை எல்லாம். கோமதி தெருவில் பார்த்தவர்களிடம் எல்லாம் மகளைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் தங்கள் மகள்களை இழுத்துவந்து, “இவளப் பாத்துக் கத்துக்கோ” என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிற பெண்கள், “செமையா எளைச்சிட்டே, எப்படி?” என்று கேட்டார்கள். மாசியில் பாவாடையை ஊசி குத்திக் கட்டினாள். பங்குனியில் ஊசியும் போதவில்லை.

காலண்டருக்குத் தலைகால் புரியவில்லை.

“பாத்தியா? இந்த வீட்ல என்னை மதிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் அவதான். தெனமும் வந்து நின்னு பாக்கறா.”

“என்கிட்ட வர்றதே இல்லை” என்றது தட்டு.

“விரதம் இருக்கறவ உன்கிட்ட எதுக்கு வருவா?”

“விரதம்னா சாயங்காலம் சாமி கும்புட்டு விடோணும் இல்ல? விட்ட அன்னைக்கு என்மேல சோறு விழோணும் இல்ல? விழுந்து எத்தனை நாள் ஆச்சு தெரியுமா? விட்டாச்சும்மான்னு சொல்லி, என்னை நனைச்சுக் கவுத்து வெச்சுட்டுப் போறா. அவங்கம்மா ஈரத்தப் பாத்துட்டு சாப்புட்டாச்சுன்னு நெனைச்சுக்கறா.”

“உனக்குப் பொறாமை.”

“எனக்கு எதுக்குப் பொறாமை? தலை வாரினா கொத்துக் கொத்தா முடி கொட்டுது. சித்திரை வெயில்ல ரெண்டு போர்வை போத்திட்டுப் படுக்கறா. நேத்து அவங்கம்மா போன்ல என்ன சொன்னா, கேட்டியா? மூணு மாசமா புள்ள வீட்டுக்குத் தூரமே ஆகலையாம், ஒரு விரதம்கூடத் தடைப்படலையாம், முருகன் பாத்துக்கறானாம்.”

காலண்டர் அதைக் கேட்டுத்தான் இருந்தது. கேட்டபோது அதற்கும் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது தட்டின் வாயால் கேட்டபோது அப்படி இல்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து மெஷின் மெதுவாகப் பேசியது. “என்மேல ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை ஏறுறா. ஏறுனா அழறா. குறைஞ்சிருந்தாலும் அழறா. எனக்குத் தெரிஞ்சது நம்பர் ஒண்ணுதான். அவ கேக்கறதோ நல்லா இருக்கறேனான்னு. அதுக்கு என்கிட்ட பதிலே இல்லை. என்னைத் தூக்கி வீசச் சொல்லுங்க.”

“யார்கிட்டச் சொல்றது?” என்றது தட்டு. “நம்ம பேச்சு அவங்களுக்குக் கேக்காது. கேட்டாலும் விரதத்தைக் கெடுக்க வந்தோம்பாங்க.”

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம், வீட்டில் யாரும் இல்லாதபோது நிரஞ்சனா காலண்டரிடம் வந்தாள். அடுத்த தாளைத் தூக்கிப் பார்த்தாள். புதன்கிழமை. அதில் ஒரு விரதமும் இல்லை. ஒரு முகூர்த்தம்கூட இல்லாத சாதாரண நாள். அவள் விரல் ஐஸ் மாதிரி இருந்தது. நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. ஒரு வெறும் புதன்கிழமையைப் பார்த்து ஒரு பிள்ளை இப்படி நடுங்குவதைக் காலண்டர் அன்றுதான் பார்த்தது.

அவள் பென்சிலை எடுத்து, அச்சடித்த எழுத்துக்குக் கீழே பொடியாக ‘விரதம்’ என்று எழுதினாள். அடுத்த தாளிலும் எழுதினாள். அடுத்ததிலும். கை வலிக்கிறவரைக்கும் எழுதிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

காலண்டருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தன்மேல் பொய் எழுதிவிட்டாளே என்ற கோபம் அல்ல. இத்தனை மாதம் அவளைத் தன் பக்தை என்று நம்பி மார்தட்டிக்கொண்டோமே என்று தன்மேலேயே கோபம். அவள் சாமியைத் தேடி வரவில்லை. சாப்பிடாமல் இருக்க யாரும் கேள்வி கேட்காத ஒரு காரணத்தைத் தேடி வந்தாள். அதைத் தினம் ஒன்றாக எடுத்துக் கொடுத்தது தான்தானே என்று அதற்கு வெட்கமாக இருந்தது.

“நாளைக்குக் காலைல நான் விழப்போறேன்” என்றது காலண்டர்.

“விழு. முகத்தை மேல காட்டி விழு” என்றது தட்டு.

மறுநாள் காலை, அடுப்பில் தோசைக்கல்லை வைத்துவிட்டு, கோமதி எப்போதும் போலப் பார்க்காமலே தாளைக் கிழிக்க வந்தாள். தாள் கிழியவில்லை. வெடுக்கென்று இழுத்தாள். காலண்டர் ஆணியோடு பெயர்ந்து தரையில் விழுந்து விரிந்தது. எடுக்கக் குனிந்தவள் மகளின் கையெழுத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். புதன் விரதம், வியாழன் விரதம், சனி விரதம், ஞாயிறு விரதம். ஆடிப்பெருக்கு அன்றைக்கும் விரதம். தோசைக்கல் புகைந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு மகள் படுத்திருந்த அறைக்கு ஓடினாள்.

“என்ன அம்மிணி இது? ஆடிப்பெருக்குக்கு எந்த ஊர்ல விரதம் இருக்கறாங்க?”

நிரஞ்சனா போர்வையிலிருந்து முகத்தை மட்டும் வெளியே எடுத்தாள்.

“அது விரதம் இல்லம்மா.”

“அப்பறம்?”

“விரதம்னா விட முடியும். என்னால விட முடியலம்மா. நானும் விடலாம்னுதான் பாக்கறேன். தட்டு முன்னாடி உக்காந்தா பயமா இருக்குது. எனக்கு என்னமோ ஆயிருச்சும்மா.”

முருகேசன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “எல்லாம் பிடிவாதம். கண்டுக்காம விடு. பசிச்சா தன்னால சாப்புடுவா.”

“நாலு மாசமா பசியிலதாங்க கெடக்கறா” என்றாள் கோமதி. “நாமதான் கும்புட்டுட்டு இருந்தோம். வண்டிய எடுங்க.”

ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர் நாடித்துடிப்பைப் பார்த்த உடனேயே அவளைப் படுக்கையில் சேர்த்தார். “இது பக்தியும் இல்லீங்க, பிடிவாதமும் இல்லீங்க. நோய். உயிருக்கே ஆபத்தான நோய். உடம்பு கொஞ்சம் தேறுனதும் மனநல டாக்டரையும் பாக்கோணும்” என்றார்.

“எம்புள்ளைக்குப் பைத்தியமுங்களா?” என்றார் முருகேசன்.

“உங்க பொண்ணு பயப்படறா. அந்தப் பயத்துக்கு வைத்தியம் இருக்குது. மாசக்கணக்காகும். நீங்க ரெண்டு பேரும் கூட உக்காந்து சாப்புடுங்க. அவ உடம்பப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. குண்டுன்னும் வேண்டாம், ஒல்லின்னும் வேண்டாம், தேறிட்டேன்னும் வேண்டாம். வீட்ல எடை மெஷின் இருந்தா இன்னைக்கே எடுத்துருங்க.”

அன்றைக்கே மெஷின் பழைய இரும்புக் கடைக்குப் போனது. போகும்போது அதற்கு இருந்த நிம்மதியைத் தட்டு மட்டும்தான் பார்த்தது.

பத்து நாள் கழித்து நிரஞ்சனா வீட்டுக்கு வந்தாள். சமையலறையிலேயே பாய் விரித்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அவள் தட்டில் இரண்டு இட்லி. கால் மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு ஓரத்தைப் பிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆனாலும் வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள். இன்னொரு துண்டு பிட்டாள். முருகேசன் தன் இட்லியைத் தொடாமல் அவள் கையையே பார்த்தார். கோமதி அவர் முழங்கையை இடித்து, சாப்பிடச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள்.

கோமதியின் போன் அடித்தது. அவளுடைய சித்தி.

“புள்ள வீட்டுக்கு வந்துட்டாளாமா? இப்பக் கொஞ்சமாச்சும் ஒடம்பு வெச்சிருக்குதா? வீடியோவுல காட்டு, பாக்கலாம்.”

கோமதி போனை அணைத்துத் தூரத் தள்ளி வைத்தாள்.

புது ஆணியில் தொங்கிய காலண்டருக்குப் பொறுக்கவில்லை. “அரை இட்லி முடிஞ்சுது, பாத்தியா? முகம்கூடக் கொஞ்சம்—”

“நீயுமா? வாயை மூடு” என்றது தட்டு. “அவ சாப்புடறா.”