நாரையின் முழங்கால்

ஏழு ஏரிகள் உள்ள ஒரு காட்டின் நடுவே ஒரு மலை இருந்தது. அதன் உச்சியில் நின்றால் ஏழு ஏரிகளையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். அந்தக் காட்டிலேயே பிறந்த முயல் மட்டும் இன்னும் பார்த்ததில்லை.

"நாளைக்கே போய்விடுவோம்!" என்றது முயல், தன் நண்பன் முள்ளம்பன்றியிடம். "மேகம் திரள்வதைப் பார். மழை பிடித்துக்கொண்டால் நான்கு மாதம் மலை ஏற முடியாது."

அன்று முயலுக்குக் கால் தரையில் பாவவில்லை. வழியில் தின்ன நெல்லிக்காய் பொறுக்கியது, கிழங்கு தோண்டியது, அதில் பாதியை அப்போதே தின்றும் விட்டது.

வழி கேட்க இரண்டும் நாரையிடம் போயின.

"இது என்ன பெரிய காரியம்?" என்றது நாரை. "நேரே போனால் ஓடை. அதைக் கடந்தால் மலை. சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் கிளம்பினாலும் மதியத்துக்குள் உச்சிக்குப் போய்விடலாம்."

"ஓடையில் ஆழம் எவ்வளவு?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"முழங்கால் அளவுதான்."

முயல் குட்டிக்கரணம் போட்டது. முள்ளம்பன்றியோ ஒரு கோரைத் தண்டைப் பிடுங்கி, நாரையின் காலோரம் நிறுத்தி, முழங்கால் உயரத்துக்குக் கடித்து எடுத்துக்கொண்டது. நாரை சிரித்துக்கொண்டே பறந்து போனது.

"இப்படி வந்து நில்" என்று அந்தத் தண்டை முயலின் பக்கத்தில் நட்டது முள்ளம்பன்றி. அது முயலின் மூக்குக்கு மேலே போனது.

"அப்படியானால் மலைக்குப் போக முடியாதா?" என்றது முயல்.

"ஏன் முடியாது? ஏரிக்கரையைச் சுற்றிப் போவோம். வழி நீளம்தான். காட்டுக்கோழி கூவும்போதே கிளம்பினால், நரி வெளியே வருவதற்குள் திரும்பிவிடலாம்."

அப்படியே கிளம்பின. வெயில் ஏறுவதற்குள் பாதி மலை, உச்சிப்பொழுதுக்கு உச்சி. ஏழு ஏரிகளும் கீழே பளபளத்தன. முயல் எண்ணியது, ஆசை தீராமல் மறுபடியும் எண்ணியது.

அங்கே நாரை வந்து இறங்கியது. "ஏன் இப்படிச் சுற்றி வந்தீர்கள்? ஓடையில் முழங்கால் தண்ணீர்தானே?"

"உண்மைதான் நாரையாரே. ஆனால் அது உங்கள் முழங்கால். நாங்கள் எங்கள் காலால் அல்லவா வர வேண்டும்?" என்றது முயல்.

நாரை குனிந்து தன் காலைப் பார்த்தது. பிறகு முயலின் காலைப் பார்த்தது.

நீதி: வழி சொல்பவர் உண்மையே சொன்னாலும், அது நமக்குப் பொருந்துமா என்று அளந்து பார்த்த பிறகே புறப்பட வேண்டும்.