கண் பட்ட ரசம்

கொன்றையூர் ராஜா சீராள ராயருக்கு ஒரு பெரிய வியாதி உண்டு. மரியாதை வியாதி. "விருந்தாளியைக் கவனிப்பதில் ராயரை மிஞ்ச ஆளே இல்லை" என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அந்தப் பேருக்காக இடுப்பு வேட்டியைக் கேட்டாலும் அவிழ்த்துக் கொடுப்பார். இந்தச் சங்கதி கடல் தாண்டிப் பவழத்தீவு வரைக்கும் போய்ச் சேர்ந்ததுதான் வம்பாகிவிட்டது.

பவழத்தீவின் அரசன் ரத்தாங்கன் கப்பலேறி விருந்துக்கு வந்தான். வந்ததும் லாயத்தில் ராயரின் வெள்ளைக் குதிரையைப் பார்த்து, "அடடா, என்ன அழகு!" என்றான். சொல்லிவிட்டு நகராமல் நின்றான்.

"என்ன யோசனை?" என்றார் ராயர்.

"ஒன்றுமில்லை. எங்கள் தீவில் விருந்தாளி ஒரு பொருளைப் புகழ்ந்தால் வீட்டுக்காரர் அதைக் கொடுத்துவிடுவார். குறை சொன்னால் திரும்ப எடுத்துக்கொள்வார். அதுதான் எங்கள் மரியாதை. உங்கள் ஊரில் எப்படியோ!"

அந்த 'எப்படியோ' ராயரைச் சுருக்கென்று தைத்தது. குதிரை கப்பலுக்குப் போயிற்று. மறுநாள் ராணி கழுத்திலிருந்த முத்துமாலையைப் புகழ்ந்தான். அதுவும் போயிற்று. அதோடு ராணி ராயரிடம் பேசுவதும் நின்றுபோயிற்று.

அத்தோடு விட்டானா? அன்றைய சாப்பாட்டில் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "நாளைக்கு வழியனுப்பு விருந்தில் இதை வைத்த சமையல்காரியை நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டுத்தான் கப்பலேறுவேன்" என்றான். ராயருக்கு முகம் செத்துப்போயிற்று. வாய் மட்டும், "ஆகட்டும்" என்றது. பாழாய்ப்போன மரியாதை!

சமையல்காரி வெள்ளையம்மா கைக்குழந்தையோடு மயிலேறியின் வீட்டுக்கு ஓடினாள். மயிலேறி ராயரின் சபையில் இருப்பவர். ராயர் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் மீட்டுக்கொண்டு வருவதுதான் அவருக்கு உத்தியோகம்.

"சாமி, என்னைக் கப்பல்ல ஏத்திட்டா இந்தப் பச்சைப் பிள்ளைக்கு யாரு பால் குடுப்பா? ராஜாகிட்ட அழுதா, விருந்தாளி மனசு கோணக் கூடாதுங்கிறாரு. என் மனசு மட்டும் கோணலாமா?"

மயிலேறி கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். "அடுக்களையில காஞ்ச மிளகாய் எவ்வளவு இருக்கு?"

"ஒரு மூட்டை இருக்கு."

"அது போதும். நீ நாளைக்கு ரசத்தை இன்னும் நல்லா வை."

"ஐயையோ! நல்லா வச்சாத்தானே, சாமி, அவன் புகழுவான்?"

"புகழட்டுமே. அதுதான் எனக்கு வேணும்."

மறுநாள் தோட்டத்துப் பந்தலில் விருந்து. ரசம் வந்தது. ரத்தாங்கன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினான். "ஆஹா! அமிர்தம்! இதை வைத்த அந்த..."

சொல்லி முடிப்பதற்குள் மயிலேறி தடாலென்று அவன் காலில் விழுந்தார். நமஸ்காரம் பண்ணுகிறார் என்று நினைத்து அவனும் பேச்சை நிறுத்திவிட்டு, ஆசீர்வாதம் செய்யக் கையைத் தூக்கினான். மயிலேறியோ கீழே அவன் காலடி மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மண்ணோடு உப்பும் மிளகாயும் சேர்த்து ரசப்பானையை மூன்று சுற்றுச் சுற்றி, பக்கத்தில் தயாராக இருந்த நெருப்புச் சட்டியில் போட்டார்.

மிளகாய் நெடி குப்பென்று கிளம்பியது. பந்தலே இருமியது.

"என்ன அநியாயம் இது?" என்று ரத்தாங்கன் கண்ணைக் கசக்கினான்.

"மரியாதை பிரபு, மரியாதை! நல்லதைப் பார்த்து 'நல்லா இருக்கு'ன்னு வாய்விட்டுச் சொன்னா கண் பட்டுடும். பெத்த பிள்ளையைக்கூட நாங்க அழகுன்னு சொல்ல மாட்டோம். கன்னத்துல மை வச்சுத்தான் வெளியே கூட்டிட்டுப் போவோம். தப்பித் தவறிச் சொல்லிட்டா, சொன்னவர் காலடி மண்ணெடுத்துச் சுத்திப் போடணும். போடாம உங்களை அனுப்பினா எங்க ராஜாவுக்கு எவ்வளவு பெரிய அவமரியாதை!"

அந்த வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், ராயர் துள்ளி எழுந்தார். "போடு மயிலேறி, நல்லா போடு! குதிரைக்கும் முத்துமாலைக்கும் இன்னும் சுத்தலையே? கொண்டு வாங்க!"

கப்பலிலிருந்து இரண்டும் வந்தன. அடுக்களை மிளகாய் மூட்டையும் பிரிந்தது. மயிலேறி குதிரைக்கு ஒரு கை அள்ளிப் போட்டார். மாலைக்கு இரண்டு கை. முத்துக்கு முத்து தனியாகச் சுற்ற வேண்டும் என்று மூன்றாவது கையை அள்ளினார். ரத்தாங்கனுக்கு மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. எழுந்து ஓடினால் விருந்தை அவமதித்ததாகிவிடும். மரியாதை சொல்லிக்கொடுத்தவனே ஓடலாமா?

"இதை நிறுத்த... வழியே... இல்லையா?" என்று இருமினான்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. புகழ்ந்த வாயாலயே குறை சொல்லிட்டா கண் இறங்கிடும்."

"குதிரை நொண்டி! முத்து வெறும் சோழி! ரசம்... ரசம் பாத்திரம் கழுவின தண்ணி!"

மயிலேறி கையிலிருந்த மிளகாயை மூட்டையிலேயே போட்டார். "கேட்டீங்களா மன்னா? விருந்தாளி குறை சொல்லிட்டார். அவங்க தீவு வழக்கப்படி எல்லாத்தையும் நாம திரும்ப எடுத்துக்கணும். மரியாதை தவறலாமா?"

"தவறவே கூடாது!" என்றார் ராயர். அவ்வளவு சந்தோஷமாக அவர் மரியாதை காத்ததே இல்லை.

வீங்கிய கண்களோடு ரத்தாங்கன் கப்பலேறினான். வெள்ளையம்மா பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு, "இருந்தாலும் சாமி, என் ரசத்தைப் போய்க் கழுவின தண்ணின்னுட்டானே, படுபாவி!" என்றாள்.

ராயர் வயிறு குலுங்கச் சிரித்தார். மயிலேறியின் தோளில் கை போட்டு, "அடடா, உன் மூளையே மூளை! உன்னைப் போல ஒரு கெட்டிக்காரன் இந்த..." என்று ஆரம்பித்தார்.

மயிலேறி சட்டென்று மூட்டையிலிருந்து ஒரு பிடி மிளகாயை அள்ளினார்.

"மன்னா, வாயால வேண்டாம், கண் பட்டுடும். எதுவா இருந்தாலும் கையால குடுத்துடுங்க!"